தும்பிக்கை போட்ட லை

நேரு வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், மடிப்பில் மை உதிர்ந்துபோன காகிதப் பை ஒன்றை என் மேசையில் வைத்தார். "அப்பா காலத்து பை தம்பி. இதே எழுத்துல புது போர்டு வேணும்."

அடியில் இருந்த ஆங்கில வரி சுலபம். 'ஓ' காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம், 'ஏ'யின் உச்சி ஊசிமுனை. 1927இல் ஜெர்மன் வடிவமைப்பாளர் பால் ரென்னர் கொண்டுவந்த ஃப்யூச்சுரா ஃபான்ட்டின் சாயல். அரை மணியில் முடிந்தது.

தமிழ்தான் எந்த ஃபான்ட்டிலும் அடங்கவில்லை. பெயரில் 'ம' இரண்டு. ஸ்கேன் செய்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் இரண்டாவது ஒரு இழை ஒடுங்கியிருந்தது. அச்செழுத்தில் அப்படி வராது. யாரோ கையால் எழுதியிருக்கிறார்கள். கடைசியில், இன்றைய கொம்புக்குப் பதில் யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய 'லை'. பெரியார் 1935இலேயே குடிஅரசில் கைவிட்ட வடிவம். தமிழக அரசு மாற்றியது 1978இல். இப்போதைய ஃபான்ட்களில் அது கிடைப்பது அரிது.

கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் நானே வரைந்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். ஒரு 'ம'வைச் சீராக்கி இரண்டு இடத்திலும் ஒட்டினேன், 'லை'யையும் இன்றைய வடிவுக்கு மாற்றினேன். அக்கா வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க கடை இல்ல தம்பி."

பையை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டையில் போர்டு எழுதிய பெரியவர் ஒருவரிடம் போனேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "தட்டை பிரஷ். வளைவுல பிரஷ்ஷ விரலுக்குள்ள உருட்டிக்கிட்டே போவணும், இல்லன்னா கோடு மெலிஞ்சிடும்." பழைய தகரத்தில் எழுதியும் காட்டினார். 'லை'யின் தும்பிக்கை ஒரே இழுப்பில் இறங்கியது, கை எடுக்கவே இல்லை. ஒடுங்கிய 'ம'வைக் கேட்டேன். "லைக்கு இடம் பத்தாதுன்னு தெரிஞ்சிருக்கு. முன்னாடியே நெருக்கிட்டாரு."

அன்று இரவு முதலிலிருந்து வரைந்தேன். நாற்பது புள்ளி வைத்திருந்த வளைவுக்கு ஏழு போதுமாக இருந்தது. கை போன வழியிலேயே போனால் கோடு தானாக வருகிறது. ஒடுங்கிய 'ம' ஒடுங்கியே நிற்கிறது. போர்டு ஏறிவிட்டது.

பெயரில் இல்லாத எழுத்துகளையும் அதே சாயலில் எழுதித் தரும்படி பெரியவரைக் கேட்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் போகிறேன். இதுவரை பதினாறு வந்திருக்கின்றன. இந்த வாரம் 'ணை'.