எஃப்12 தட்டினால் இறங்கும் டெர்மினல்

லினக்ஸில் நாள் முழுக்க வேலை செய்பவர் திரையில், கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் விண்டோ நான்கைந்து எப்போதும் திறந்து கிடக்கும். எதில் சர்வர் ஓடுகிறது, எதில் கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வேலை பாதியில் நிற்கிறது என்று ஆல்ட்-டேப் தட்டித் தட்டித் தேட வேண்டும். தேடச் சலித்துப் புதிதாக ஒன்றைத் திறந்தால் அது ஹோம் ஃபோல்டரில் போய் நிற்கும். மறுபடி, ஃபோல்டர் மாற்றும் சிடி கட்டளையை அடிக்க வேண்டியதுதான்.

டிராப்-டவுன் டெர்மினல் இதற்குத்தான். ஒரு கீயைத் தட்டினால் திரையின் மேல்விளிம்பிலிருந்து இறங்கும்; மறுபடி தட்டினால் மறைந்துவிடும். 1996-இல் வந்த குவேக் விளையாட்டில் கன்சோல் இப்படித்தான் இறங்கும், யோசனை அங்கிருந்து வந்தது. சட்டென்று திறப்பது ஒரு வசதி. அதைவிடப் பெரிய வசதி, அது மூடப்படுவதே இல்லை. மறைந்திருக்கும்போதும் உள்ளே ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) ஓடிக்கொண்டே இருக்கும். நின்ற ஃபோல்டர், பாதி அடித்த கட்டளை, ஓடும் பில்டு எல்லாம் விட்ட இடத்திலேயே இருக்கும்.

கேடிஈ டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யாகுவேக் என்ற டிராப்-டவுன் டெர்மினலைப் போடுங்கள். உள்ளே இருப்பது கேடிஈ-யின் வழக்கமான டெர்மினலான கன்சோல்தான் (Konsole) என்பதால் அதில் செய்து வைத்த நிறமும் ஃபாண்டும் அப்படியே கிடைக்கும். எக்ஸ்எஃப்சிஈ டெஸ்க்டாப்பில் எதையும் நிறுவ வேண்டாம். அதன் டெர்மினலுக்கே டிராப்-டவுன் என்றொரு ஆப்ஷன் உண்டு. கீபோர்டு செட்டிங்ஸில் அப்ளிகேஷன் ஷார்ட்கட்டாக அந்த ஆப்ஷனோடு டெர்மினல் கட்டளையைக் கொடுத்தால் போதும். க்னோம் டெஸ்க்டாப்பில் பலரும் போடுவது ஜி எழுத்தில் தொடங்கும் குவேக் (Guake) என்ற செயலி.

சிக்கலும் க்னோமில்தான். உபுண்டு 21.04 முதல் வேலாண்ட் (விண்டோக்களைத் திரையில் காட்டும் புதிய முறை) செஷன்தான் இயல்பாக வருகிறது. வேலாண்டில் ஒரு செயலி தானாக எல்லா விண்டோவுக்கும் பொதுவான கீயைப் பிடித்துக்கொள்ள முடியாது. அதனால் எஃப்12 சில விண்டோக்களில் வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது. பலர் செயலி பழுது என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். வழி இருக்கிறது: செட்டிங்ஸ், கீபோர்டு, கஸ்டம் ஷார்ட்கட்ஸ் போய், கட்டளை இடத்தில் 'குவேக்-டாகிள்' கொடுத்து எஃப்12-ஐ ஒதுக்குங்கள். கீயைப் பிடிப்பது இப்போது க்னோமின் வேலை. இல்லையென்றால் டிடிடெர்ம் எக்ஸ்டென்ஷன். க்னோமின் டெஸ்க்டாப் நிரலான க்னோம் ஷெல்லுக்குள்ளேயே ஓடுவதால் அதற்கு இந்தத் தடை கிடையாது. ஆனால் க்னோம் பதிப்பு மாறும்போது எக்ஸ்டென்ஷனும் புதுப்பிக்கப்படும்வரை அது முடங்கிக் கிடக்கலாம்.

எந்தக் கீ? இதில் கொஞ்சம் யோசியுங்கள். எஃப்12-ஐ டெர்மினல் பிடித்துக்கொண்டால் பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸ் திறக்காது; அதற்கு கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஐ பழக வேண்டும். எஃப்1, எஃப்10 வேண்டாம், ஓடும் செயலிகளைக் காட்டும் எச்டாப்பில் உதவிக்கும் வெளியேறவும் அவை தேவை. டேபுக்கு மேலே உள்ள கீ (`) குவேக் விளையாட்டில் சரி. ஷெல்லிலும் மார்க்டவுனிலும் அந்தக் குறியை அடிக்க வேண்டியிருப்பதால் அதைத் தனியாக ஒதுக்கினால் கஷ்டம். சூப்பர் (விண்டோஸ் குறி உள்ள) கீயோடு சேர்த்தாலும், க்னோம் ஏற்கெனவே ஒரே செயலியின் விண்டோக்களை மாற்ற அதை வைத்திருக்கிறது. தமிழ், ஆங்கிலம் என்று லேஅவுட் மாற்றி அடிப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: எஃப்12 எந்த லேஅவுட்டிலும் எஃப்12-தான். சுற்றிப் பார்த்தால் அதுவே நல்லது.

நிறுவியதும் மாற்ற வேண்டியவை சில. ஃபோக்கஸ் போனால் மறை என்ற ஆப்ஷனை அணைத்து வையுங்கள். அது ஆனில் இருந்தால், பிரவுசரில் ஒரு வரியைக் காப்பி செய்யக் கிளிக் செய்த நொடியே டெர்மினல் ஓடிவிடும், வெளியீட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. உயரம் 50 சதவீதம் போதும். பெரிதாக வேண்டும்போது குவேக்கில் எஃப்11 தட்டினால் முழுத்திரை. லாகின் ஆனதும் தொடங்கும்படி வைக்கவும். ரீபூட்டுக்குப் பிறகு கீ வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலும் செயலியே ஓடாமல் இருக்கும். இரண்டு மானிட்டர் இருந்தால் மவுஸ் இருக்கும் திரையில் தோன்று என்பதையும் தேர்ந்தெடுங்கள்.

மறைத்து வைத்த வேலை முடிந்தது எப்படித் தெரியும்? நீண்ட கட்டளைக்குப் பின் அரைப்புள்ளி போட்டு 'நோட்டிஃபை-சென்ட் முடிந்தது' என்று சேர்த்து அடியுங்கள், திரையில் அறிவிப்பு வரும். இரட்டை ஆம்பர்சண்ட் (&&) போட்டால் கட்டளை தோற்றபோது அறிவிப்பே வராது. அரைப்புள்ளி போட்டால் இரண்டு நிலையிலும் வரும்.

கடைசியாக டீமக்ஸ், டெர்மினல் மூடினாலும் ஷெல்லைப் பின்னணியில் ஓட வைக்கும் கருவி. குவேக் செயலிழந்தால் எல்லா டேபும் அதோடு போகும், டீமக்ஸ் செஷன் பிழைக்கும். 'டீமக்ஸ் நியூ' கட்டளையோடு பெரிய ஏ ஆப்ஷனும், சிறிய எஸ் ஆப்ஷனோடு ஒரு பெயரும் கொடுத்தால், அந்தப் பெயரில் செஷன் இருந்தால் அதில் சேரும், இல்லையென்றால் உருவாக்கும். இதையே எல்லா டேபுக்கும் தொடக்கக் கட்டளையாக வைத்துவிடாதீர்கள். ஒரு டேபில் அடிப்பது மற்ற டேபிலும் அப்படியே தெரியும், ஏனென்றால் எல்லாமே ஒரே செஷன். ஒரு டேபில் மட்டும் கையால் அடித்துத் தொடங்குங்கள். மெஷினை ரீபூட் செய்தால் டீமக்ஸும் போய்விடும் என்பதால் அதைத் தினமும் ஒருமுறை அடிக்க வேண்டியிருக்கும்.