நஞ்சுக்கொடி குளோரைடு சேனல்: அகார் பிரிட்ஜ் இல்லாமல் அளக்காதீர்கள்

நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தத்தையும் சிசுவின் பக்கத்தையும் பிரிக்கும் செல் அடுக்கு சின்சிசியோட்ரோஃபோபிளாஸ்ட். இந்தப் படலத்துக்கு இரண்டு முகம்: தாய்ப் பக்கம், சிசுப் பக்கம். தாயின் ரத்தத்தில் நனையும் முகத்தின் சவ்வில்தான் மேக்ஸி குளோரைடு சேனல், அதாவது குளோரைடு அயனிகள் கடக்கும் புரதத் துளை, இருக்கிறது. ஒற்றைச் சேனலின் கடத்துதிறன் 200 பிகோசீமென்ஸுக்கு மேல். 20 மில்லிவோல்ட் கொடுத்தாலே, சேனல் திறக்கும்போது மின்னோட்டப் பதிவில் 4 பிகோஆம்பியர் படி பளிச்சென்று விழும்.

அந்த முகம் முழுக்க நுண்விரல்கள் என்பதால், மின்னோட்டத்தை அளக்கும் பிப்பெட் (நுண்ணிய நுனியுள்ள கண்ணாடிக் குழாய்) நேராக ஒட்டாது. சவ்வைப் பிரித்து, சோயா கொழுப்போடு சேர்த்துப் பெரிய லிப்போசோமாக்கித்தான், அதாவது கொழுப்புச் சவ்வுக் குமிழியாக்கித்தான், பிடிக்க வேண்டும். பிரிக்கும்போது 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு சேர்த்தால் சிசுப் பக்கச் சவ்வு திரண்டு, குறைந்த வேகச் சுழற்சியிலேயே கீழே போய்விடும். தாய்ப் பக்கச் சவ்வின் அடையாள நொதியான ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 10 மடங்குகூட ஏறவில்லையா, அந்தத் தொகுதியை ஒதுக்கிவிடுங்கள். கண்ணாடித் தகட்டில் கொழுப்பை உலர்த்தும்போது முழுக்கக் காயவிடாதீர்கள், புரதம் கெடும்.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். சவ்வின் இரு பக்கமும், பிப்பெட்டுக்குள்ளும் வெளியே பாத் எனும் கரைசல் தொட்டியிலும், 140 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு என்று வையுங்கள். பாத்தில் 105-ஐ பொட்டாசியம் குளுக்கோனேட்டாக மாற்றினால் குளோரைடு 35. குளோரைடு மட்டும் போகும் சேனலில் மின்னோட்டம் பூஜ்யமாகும் மின்னழுத்தம், 25 டிகிரியில், ஏறத்தாழ 36 மில்லிவோல்ட் நகர வேண்டும். ஆனால் ஒப்பு மின்முனையான வெள்ளி குளோரைடு பூசிய கம்பி பாத்துக்குள் நேராக நின்றால், அதுவும் குளோரைடுக்கே பதில் சொல்லும். அதுவும் அதே 36 நகரும். ஒன்றை ஒன்று தின்றுவிடும். திரையில் அசைவே இருக்காது, பொட்டாசியம் சேனல் என்று எழுதிவிடுவோம். நிஜப் பொட்டாசியம் சேனலோ 36 நகர்ந்து குளோரைடு வேஷம் போடும்!

இதற்குத்தான் அகார் பிரிட்ஜ்: 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் 3 சதவீத அகார் (ஜெல்லிப் பொருள்) காய்ச்சி, வளைந்த குழாயில் குமிழி இல்லாமல் நிரப்புங்கள். கம்பியைப் பாத்துக்கு வெளியே தனிக் குளோரைடு கரைசலில் வைத்து, இந்தக் குழாயால் பாத்தோடு இணையுங்கள். உப்பு கசியும், ஆகவே கரைசல் வெளியேறும் ஓரத்தில் வையுங்கள். சவ்வைப் பிடிக்கும் முன், திறந்த பிப்பெட்டை வைத்தே பாத் கரைசலை மாற்றிப் பாருங்கள். பூஜ்யம் 10 மில்லிவோல்ட்டுக்குள் நகர்ந்தால் அது கரைசல் சந்திப்பின் மின்னழுத்தம், கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 30 பக்கம் ஓடினால் கம்பி எங்கோ பாத்தைத் தொடுகிறது.

இன்னொன்று. இந்தச் சேனல் 0 மில்லிவோல்ட்டுக்கு அருகேதான் திறந்திருக்கும்; இரு திசையிலும் மின்னழுத்தம் ஏறினால் மூடிக்கொள்ளும். பெரிய மின்னோட்டம் வேண்டி 80-இல் பிடித்து வைத்தால் சேனலே இல்லை என்று தோன்றும். 0-இல் நிறுத்தி, சிறு படிகளாக ஏற்றி, உடனே 0-க்குத் திரும்புங்கள்.