கஞ்சியில் கரைந்த கால்கள்

அப்பாவின் தசை கரைந்துகொண்டிருந்ததை அவர் லுங்கி முடிச்சுதான் முதலில் காட்டிக்கொடுத்தது. ரங்கூனில் ஆண்கள் நடுத்தெருவில் நின்று லுங்கியை அவிழ்த்து இறுக்கிக்கொண்டு போவார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்பாவுக்கும் அது சின்ன வயதுப் பழக்கம். அப்படிப்பட்டவர் போன வருடம் பச்சை பெல்ட் ஒன்று வாங்கிக் கட்ட ஆரம்பித்தார். "முடிச்சு நிக்க மாட்டேங்குதும்மா, இடுப்பு சிறுத்துப்போச்சு" என்றார். இடுப்பு சிறுத்தது உண்மைதான். ஆனால் துணியை முறுக்கிச் செருகும் விரல்களிலும் வலு போயிருந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவருக்கு 76 வயது. ஆறேழு வருடமாகவே வீட்டில் பேச்சு அவர் வயிற்றைப் பற்றித்தான். புளித்த ஏப்பம், உப்புசம், மூன்று நாளைக்கு ஒருமுறை மலம். ஒவ்வொரு தொந்தரவுக்கும் சாப்பாட்டில் ஒன்றைக் குறைத்தோம். மொகிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் வேண்டாம், மீன் வாடை ஆகாது. பருப்பு வேண்டாம், வாயு. முட்டை சூடு. பல்செட் சரியாக உட்காராததால் கறியும் போனது. கடைசியில் மிஞ்சியது அரிசிக் கஞ்சியும் வெள்ளரிக்காயும், டீக்கடையில் சும்மா ஊற்றும் வெறும் தேநீரும்தான். கூடவே ஒமிப்ரசோல் மாத்திரை. வயிறு எரிந்தபோது யாரோ இரண்டு வாரத்துக்கு எழுதிக்கொடுத்தது. அதன் அட்டையைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கி வாங்கி ஆறு வருடம் விழுங்கியிருக்கிறார். எத்தனை நாளைக்கு என்று கடையில் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அனோரத்தா சாலை காளியம்மன் கோயிலுக்கு அருகில் ஓர் அன்னதானம். தரையில் பந்தி. சாப்பிட்டு முடித்த அப்பாவால் எழ முடியவில்லை. கையை ஊன்றினார், முட்டியைப் பிடித்தார், பிறகு பக்கத்து இலைக்காரரின் தோளைப் பற்றிக்கொண்டு எழுந்தார். அந்த மனிதர் "மெதுவா, மாமா" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. வீடு வரும்வரை பேசவும் இல்லை.

முதலில் போன இடத்தில் நாடி பிடித்து, பிரஷர் பார்த்து, "வயசாச்சு இல்லையா" என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்தது ஒரு சயாமா, முதியோரைப் பார்க்கிற பெண் டாக்டர். அவர் வயிற்றைத் தொடுவதற்கு முன் லுங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கச் சொன்னார். அப்பாவின் இரண்டு கட்டைவிரல்களையும் ஆள்காட்டி விரல்களையும் சேர்த்து, கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னார். விரல்கள் சந்தித்ததோடு, உள்ளே இன்னொரு விரல் நுழைய இடமும் இருந்தது. டேப் வைத்து அளந்தால் 30.5 செ.மீ. ஆண்களுக்கு 34-க்குக் கீழே போனாலே சந்தேகப்பட வேண்டுமாம். கைப்பிடி வலுவை அளக்கும் கருவியை இறுக்கியதில் 20 கிலோ காட்டியது, 28 இருக்க வேண்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார 19 விநாடி ஆனது. 12 ஆனாலே தாமதம். ஆசியர்களுக்கென்று 2019-இல் திருத்திய அளவுகள் இவை. சார்கோபீனியா என்றார். வயதோடு வரும் தசை இழப்பு. இந்தப் பெயரே 1989-இல் வைத்ததுதான் என்றதும், "அதுக்கு முன்னாடி கிழவனுங்களே இல்லையா?" என்று அப்பா கேட்டார். சயாமா சிரித்துவிட்டார்.

அப்புறம் பரிசோதனைகள். 59 கிலோ இருந்தவர் 51-க்கு வந்திருந்ததால், எண்டோஸ்கோபி (குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்ப்பது) செய்யாமல் சாப்பாட்டைப் பற்றிப் பேசமாட்டேன் என்றார். எனக்கு அந்த மூன்று நாள் தூக்கமே இல்லை. கட்டி எதுவும் இல்லை. இரைப்பையின் உள்தோல் மெலிந்திருந்தது, அவ்வளவுதான். இரத்தத்தில் வைட்டமின் பி12 குறைவு. சிறுநீரகம் சரியாக இருந்தது. அது சரியாக இல்லாவிட்டால் இஷ்டத்துக்குப் புரதத்தை ஏற்றக் கூடாதாம். இதை யாரும் விட்டுவிட வேண்டாம்.

சயாமா விளக்கியபோதுதான் சங்கதி புரிந்தது. உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும். அந்த அமிலத்தைத்தான் மாத்திரை வருடக்கணக்காகத் தடுத்துக்கொண்டிருந்தது. உள்தோல் மெலிந்தால் அமிலம் இன்னும் குறையும். அப்பா பாதம் மரத்துப்போகிறது என்று சொன்னதற்கும் இந்தக் குறைபாடு காரணமாக இருக்கலாம். மலச்சிக்கலுக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தோம், நார்ச்சத்தும் தண்ணீரும் சேர்ந்து குறைந்ததில் மலச்சிக்கல் கூடியது. உணவில் வராத புரதத்தை உடம்பு தசையிலிருந்து எடுத்துக்கொண்டது. வயிறு ஒரு வியாதி, கால் இன்னொரு வியாதி என்று நாங்கள் நினைத்திருந்தோம். வயிற்றுக்குச் செய்த பத்தியம்தான் காலைத் தின்றது.

மாத்திரையை நிறுத்துவது லேசாக இல்லை. சட்டென்று விட்டால் அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரக்குமாம். ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு இரண்டு நாள் விட்டு, அப்படிக் குறைத்தோம். இரண்டாவது வாரம் இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "உங்க சயாமா என்னைக் கொல்லப் பார்க்கிறா" என்றார். தலையணையை உயர்த்தி, இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முன்னால் முடித்ததில் சமாளித்தோம். பி12 ஊசி முதலில் அடுத்தடுத்து, பிறகு மாதம் ஒன்று. (இந்த மாத்திரையைத் தொடர வேண்டிய நோயாளிகளும் உண்டு. டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது.)

சாப்பாட்டுக் கணக்கு இப்படி: கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் நாளைக்கு 60 கிராம் புரதம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது 25 தேறினால் அதிகம். அந்த 60-ஐயும் ஒரே வேளையில் திணிக்கக் கூடாது. வயதான தசை மந்தமானது, ஒரு வேளைக்கு இருபது, இருபத்தைந்து கிராம் போனால்தான் அசையும். டப்பா பவுடர் விலை கேட்டுத் திரும்பி வந்துவிட்டேன். காலையில் தெருவில் பேபியோ, அதாவது அவித்த பட்டாணி, கூவி விற்றுக்கொண்டு வரும் அம்மாதான் கைகொடுத்தார். முளைகட்டி அவித்த அந்தப் பட்டாணியை இன்னும் கொஞ்சம் குழைய வேகவைத்து, எண்ணெயும் வெங்காயமும் போட்டு மசித்துக் கொடுத்தால் பல்செட்டுக்குச் சிரமமில்லை. முதலில் இரண்டு கரண்டி, வாரத்துக்கு ஒரு கரண்டி கூட. பயந்த அளவுக்கு வாயு வரவில்லை. அதோடு இரண்டு முட்டை, மதியம் முள் எடுத்த மீன், இரவு பருப்பும் தயிரும். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத ஊரில் ஃபிரிட்ஜை நம்ப முடியாது. மீனை அன்றன்றைக்குத்தான் வாங்கினோம். வெறும் தேநீர் சாப்பாட்டுக்கு முன் கிடையாது. அதைக் குடித்துத்தான் பசியை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

உடற்பயிற்சி என்றதும், "தினம் கண்டாஜி ஏரிக்கரையில் நடக்கிறேனே" என்றார் அப்பா. நடை நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது, தசைக்குப் பாரம் வேண்டும் என்றார் சயாமா. சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எட்டு முறை எழுந்து உட்காருவது, சற்று ஓய்ந்து மறுபடி எட்டு. கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரம் நாலோடு நின்றது. சாயங்காலம் கரண்ட் வந்து தெருப் பிள்ளைகள் "மீ லாபீ!" (கரண்ட் வந்தாச்சு) என்று கத்தும்போது தொடங்குவது என்று ஆனது. கரண்ட் வராத நாளில் அதையே சாக்காக வைத்து ஏமாற்றினார்.

ஐந்து மாதம் ஆகிறது. எடை 54. நாற்காலிக் கணக்கு 13 விநாடி, 12-க்குக் கீழே இன்னும் போகவில்லை. மலம் பெரும்பாலும் தினமும் போகிறது, பப்பாளி வாங்க மறந்தால் சண்டை. பெல்ட்டை விடவில்லை, காசு வைக்க வசதியாம். இப்போது இருக்கிற தலைவலி புரட்டாசி. மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது, முட்டையும் கிடையாது என்று அறிவித்துவிட்டார். ஷான் தோஃபு கடலைமாவில் செய்வதுதானே என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.