பேட்டரி மேல் போட்ட பழி

போன அக்டோபர் கடைசியில் கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில், மேதர் கேம்ப்கிரவுண்டில், ராத்திரி இரண்டு மணிக்கு, வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போய் உள்ளே தங்குகிற எங்கள் டிரெய்லரின் ஹீட்டர் மக்கர் பண்ணியது. அந்த இடம் சுமார் 7,000 அடி உயரம், வெளியே தண்ணீர் உறைகிற குளிர். ஃபேன் மட்டும் இழுத்து இழுத்து ஓடுகிறது, உள்ளே தீ பற்றவில்லை, சமையல் மேடைக்கு மேலே இருக்கிற விளக்கு மங்கிப்போய் மஞ்சளாகத் தெரிகிறது. "என்னங்க, கேஸ் தீந்துபோச்சா?" என்றாள் மனைவி. சிலிண்டர் முக்கால்வாசி இருந்தது. அங்கே மின் இணைப்பு கிடையாது, ராத்திரியில் ஜெனரேட்டர் போடவும் கூடாது. பிள்ளைகள் இரண்டையும் நடுவில் போட்டு, இருக்கிற கம்பளி எல்லாவற்றையும் மேலே குவித்து விடியவிட்டோம்.

கேஸ் ஹீட்டருக்குக் கரன்ட் எதற்கு என்று வண்டி வாங்கிய புதிதில் நானும் கேட்டிருக்கிறேன். எரிவது கேஸ்தான், ஆனால் காற்றைத் தள்ளுவது 12 வோல்ட் ஃபேன். அந்தக் காற்று பட்டு அசைகிற மாதிரி உள்ளே ஒரு சின்னத் தகடு ஸ்விட்ச் இருக்கிறது. ஃபேன் போதிய வேகத்தில் சுற்றினால்தான் அது மூடிக்கொள்ளும், அது மூடினால்தான் கேஸ் வால்வு திறந்து பொறி வரும். வோல்டேஜ் 11-க்குக் கீழே சரிந்தால் ஃபேன் ஓடுகிற மாதிரி ஓடும், தகடு அசையாது, ஹீட்டர் பற்றாமலே படுத்துக்கொள்ளும். கேஸில் ஓடுகிற ஃபிரிட்ஜுக்கும் மூளைப் பலகை 12 வோல்ட்டில்தான் வேலை செய்கிறது. ஆக, டிரெய்லரில் எது படுத்தாலும் முதல் பழி பேட்டரி மேல்தான்.

நானும் அதைத்தான் செய்தேன். எங்கள் ஊரான ஃபீனிக்ஸ் வெயிலில் பேட்டரி தண்ணீர் வற்றிச் சாவது புதிதில்லை, இதுவும் செத்திருக்கும் என்று முடிவு கட்டி, வீட்டுக்கு வந்த மறுநாளே 100 ஆம்ப்-அவர் டீப் சைக்கிள் பேட்டரி (ரொம்ப நேரம் கரன்ட் கொடுக்கிற வகை) ஒன்றைப் புதிதாக வாங்கி மாட்டினேன். ராத்திரி முழுக்க வீட்டுக் கரன்ட்டில் சார்ஜ் போட்டு, காலையில் பிளக்கைக் கழற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.5. (சார்ஜை நிறுத்திய கையோடு பார்க்காதீர்கள், 13-க்கு மேல் காட்டி ஏமாற்றும். ஆறின பிறகு 12.6, 12.7 என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஈய பேட்டரியை அதற்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுளைத் தின்கிறீர்கள்.) புதுசு, ராத்திரி பூரா சார்ஜ் ஏறியது, ஏன் 12.5-இல் நிற்கிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஹீட்டரைப் போட்டேன். அதே மங்கல் விளக்கு, அதே இழுவை.

அப்புறம்தான் பயம் வந்தது. கன்வெர்ட்டரைப் பார்த்தேன், அதாவது 120 வோல்ட்டை வாங்கி 12 ஆக்கித் தருகிற பெட்டி. பிளக் போட்டால் அதன் முனையில் 13.6, சரியாகவே இருந்தது. பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் எரிந்துபோகிற இரண்டு பெரிய ஃபியூஸ்கள் அதன் பக்கத்தில் இருக்கும், அவையும் நலம். டிரெய்லர் கழன்று ஓடினால் பிரேக்கை இழுத்துவிடுகிற அவசர ஊசி கழன்று கிடந்தால் பிரேக் காந்தம் பேட்டரியை உறிஞ்சிவிடும் என்று எங்கோ கேட்டது ஞாபகம் வந்து, அதையும் குனிந்து பார்த்தேன். இருக்கிற இடத்தில் இருந்தது. இதற்கு நடுவில் வண்டி விற்ற கடைக்குப் போன் போட்டேன். பார்க்காமலேயே கன்வெர்ட்டரை மாற்றச் சொன்னார்கள், கூடவே லித்தியத்துக்கு மாறிவிடுங்கள் என்று ஒரு யோசனை. லித்தியம் நல்லதுதான், எடை குறைவு, கிட்டத்தட்ட முழுக்கப் பயன்படுத்தலாம், ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது, பழைய கன்வெர்ட்டரும் அதற்கு ஒத்துவராது. கோளாறு எதுவென்றே தெரியாமல் அத்தனை டாலரை அதில் போட எனக்கு மனசு வரவில்லை.

நாமக்கல்லில் என் மாமா நாற்பது வருஷமாக லாரிகளுக்கு ஒயரிங் செய்கிறவர். தீபாவளி விசாரிக்கக் கூப்பிட்டபோது பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். "வண்டி பன்னெண்டா, இருபத்திநாலா?" என்றார். பன்னெண்டு வோல்ட் என்றேன். "வெளிக் கரன்ட்டு போட்டா நல்லா ஓடுதில்ல? பேட்டரில மட்டும்தானே வம்பு? அப்ப எர்த்தப் பாருடா. லோடு போட்டுட்டு, பேட்டரிக்கும் சேஸுக்கும் நடுவுல மீட்டர் வை." அவ்வளவுதான், அடுத்த வாக்கியத்தில் என் மகள் எத்தனாவது படிக்கிறாள் என்று போய்விட்டார்.

யோசித்தால் நியாயம் புரிந்தது. பிளக் போட்டிருக்கும்போது ஹீட்டருக்குக் கன்வெர்ட்டரே நேராகக் கொடுத்துவிடுகிறது, பேட்டரி ஒயரின் தயவு தேவையில்லை. பிளக்கைக் கழற்றினால்தான் எல்லாம் அந்த ஒயர் வழியாக வந்தாக வேண்டும். வண்டியின் இரும்புச் சட்டமான சேஸ் வழியாகத்தான் கரன்ட் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்புகிறது, மாமா எர்த் என்றது அந்த இணைப்பைத்தான். மறுநாள் லோடுக்காக ஹீட்டரையும் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும், இன்னொன்றைச் சேஸில் பெயின்ட்டைச் சுரண்டிய இடத்திலும் வைத்தேன். அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். காட்டியது 1.5 வோல்ட்! பேட்டரியில் 12.2 இருக்க, ஹீட்டருக்குப் போய்ச் சேர்ந்தது 10.7. பத்து ஆம்ப் ஓட்டத்தில் ஒன்றரை வோல்ட் தொலைகிறது என்றால் பதினைந்து வாட், ஒயர் சேஸோடு சேர்கிற அந்த ஒரு மூட்டிலேயே சூடாகப் போகிறது. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. லோடு போடாமல் பார்த்தபோதெல்லாம் அதே மூட்டு நல்ல பிள்ளையாக 0 காட்டியது என்பதுதான் எரிச்சல்.

பேட்டரி மைனஸிலிருந்து வருகிற கறுப்பு ஒயர், வண்டியின் மூக்குப் பகுதியில் ஒரே ஒரு போல்ட்டில் சேஸோடு முடிகிறது. வண்டியைச் செய்தவர்கள் போல்ட்டைப் பெயின்ட் மேலேயே முறுக்கியிருக்கிறார்கள். மழை, ரோட்டுப் புழுதி, சேறு எல்லாம் நேராக அடிக்கிற இடம் அது. பிளக்கைக் கழற்றி, பேட்டரியின் மைனஸை முதலில் விடுவித்து, ஸ்பானர் போட்டதும் ஸ்பிரிங் வாஷர் இரண்டு துண்டாக உதிர்ந்தது. வளையத்துக்கு அடியில் காப்பிப் பொடி மாதிரி துரு. உப்புத்தாள் போட்டு வெள்ளி தெரிகிற வரை தேய்த்து, ஒயர் நுனியை வெட்டிப் புது வளையம் அழுத்தி, பல் வைத்த வாஷரோடு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். பேட்டரிக் கம்பத்தில் பூத்திருந்த பச்சையைச் சோடா உப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பக்கத்திலேயே பிளஸ் ஒயரில், இரண்டு பித்தளைத் திருகோடு தீப்பெட்டி அளவில் ஒரு தானியங்கி சர்க்யூட் பிரேக்கர் இருந்தது. அதிலும் மீட்டர் வைத்தேன், 0.1தான், விட்டுவிட்டேன். மொத்தச் செலவு பத்து டாலருக்குள். திரும்ப ஹீட்டரைப் போட்டு அளந்தேன், 0.03.

பழைய பேட்டரியும் செத்திருக்காதோ என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. அந்தத் துரு சார்ஜ் ஏறுவதையும் மறித்ததால் மாசக் கணக்கில் அது அரைகுறை சாப்பாட்டிலேயே இருந்திருக்கிறது, அப்படிக் கிடந்தால் ஈயத் தகட்டில் உப்புப் படிந்து நிஜமாகவே கெட்டுவிடும். புதுசு வாங்கும்போதே கடையில் கொடுத்துவிட்டேன், இனிக் கேட்டு என்ன.

இன்னொன்று, இதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் டிரெய்லருக்கென்று 30 ஆம்ப் சாக்கெட் வைக்கிறவர்கள், அது 120 வோல்ட் என்று எலக்ட்ரீஷியனிடம் இரண்டு முறை சொல்லுங்கள். பார்க்கத் துணி ட்ரையர் சாக்கெட் மாதிரியே இருப்பதால் 240 கொடுத்துவிடுகிறார்கள். நண்பர் ஒருவர் வீட்டில் அப்படித்தான் மைக்ரோவேவும் கன்வெர்ட்டரும் ஒரே நொடியில் போயின.

நவம்பர் கடைசியில் அதே கேம்ப்கிரவுண்டுக்கு மறுபடி போனோம். ஹீட்டர் ராத்திரி பூரா விட்டு விட்டு ஓடியது, காலையில் பேட்டரி 12.3 காட்டியது. மாமாவுக்கு மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். மனைவிதான், ஃபேன் சத்தத்தில் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை என்று காபி போடும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.