பசுமை நூலகமும் நூலகரின் ஆயத்தமும்

கல்லூரி நூலகத்தைப் பசுமையாக்குவது என்றாலே கூரையில் சூரியத் தகடும் வாசலில் மரக்கன்றும்தான் பேச்சில் முந்திக்கொள்கின்றன. நம் வெப்பத்தில் மின்சாரத்தைக் கணிசமாக விழுங்குவது குளிரூட்டியே. ஆயினும் பழைய நூல்களுக்கும் ஓலைச்சுவடிகளுக்கும் ஈரப்பதம் ஏறி இறங்காத சூழல் தேவை என்பதால், அதை நிறுத்திவிடுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட இயலாது. எந்த அறைக்கு அது இன்றியமையாதது, எந்த அறைக்குச் சன்னல் காற்றே போதும் என்று பிரித்துச் சொல்லக்கூடியவர் நூலகர். கட்டடத் திட்டக் கூட்டங்களுக்கு அவரை அழைப்பவர்கள்தாம் குறைவு.

அமெரிக்க நூலகச் சங்கம் 2019-இல் நிலைத்தன்மையை, அதாவது வளங்களை வருங்காலத்துக்கும் மிஞ்சும்படி பயன்படுத்துவதை, தன் அடிப்படை விழுமியங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. இந்தியாவில் ஆய்வேடுகளைச் சோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தில் மின்வடிவில் சேர்க்கும் நடைமுறை, அந்த நோக்கத்தில் தொடங்கப்படாவிட்டாலும், தாள் செலவைக் குறைக்க வழி திறந்தது. (தடித்த அட்டைக் கட்டுகள் மீதான ஆசை நம் துறைகளை விட்டு இன்னும் போகவில்லை என்பது வேறு கதை.) அந்த மின்வடிவங்களைச் சேமித்து வழங்கும் கணினிகளான சேவையகங்களுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நூலகர்களிடம் விருப்பம் இருக்கிறது. கருவிதான் இல்லை என்பது என் எண்ணம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அவையான நாக்கின் (NAAC) மதிப்பீட்டில் எரிசக்தித் தணிக்கை விவரம் கேட்கப்படுகிறது. ஆனால் மின்கட்டணம் கல்லூரி முழுமைக்கும் ஒன்றாக வருவதால், நூலகத்தின் பங்கை நூலகரால் சொல்ல முடிவதில்லை. நூலகத்திற்கென ஒரு துணை மின்மானி பொருத்துவதிலிருந்து தொடங்கலாம்.