நீலகிரி மலையில் தனியாக வீட்டைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு

வேலைக்காக மூன்று மாதம், ஆறு மாதம் என்று வெளிநாடு போகிறவர்கள், பெட்டி கட்டுவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது தங்கள் செல்போன் எண்ணில் காட்ட வேண்டும். வீட்டில் இருப்பவரை முதல் வாரத்திலேயே திணறடிப்பது தனிமை இல்லை. கேஸ், கரண்ட், பேங்க் எல்லாம் ஊரில் இல்லாதவர் எண்ணில் பதிவாகியிருப்பதுதான்.

கேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் கொண்டு வருகிறவர் வாசலில் நின்று கேட்கும் டெலிவரி எண், இணைப்பில் பதிந்த செல்போனுக்குத்தான் போகும். இங்கே காலை 10 மணி என்றால் துபாயில் 8:30, கேட்டு வாங்கிவிடலாம். நியூயார்க்கில் அது நள்ளிரவு. மலைக் கிராமங்களுக்கு வண்டி தினமும் வராது. அன்று திரும்பிப் போனால் அடுத்த லோடுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதே ஏஜென்சியில் எண்ணை மாற்றிவிடுங்கள். மின் இணைப்புக்கும் இதே கதைதான். ரீடிங் எடுத்து 20 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். அந்தத் தகவல் வீட்டில் இருப்பவருக்கு வரட்டும்.

பேங்க் விஷயத்தில் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்டுக் காலம் தள்ளுவது சரிப்படாது. இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்கும், வீட்டில் இருப்பவர் பெயரில் தனி ஏடிஎம் கார்டும் வேண்டும். போகிறவரின் இந்திய சிம்மில் ரோமிங்கை இங்கேயே இயக்கிவிட்டு, ரீசார்ஜ் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அது தீர்ந்தால் ஓடிபி வருவதும் நின்றுவிடும்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் அடுப்பு சிணுங்கும். தீ நீல மொட்டு மாதிரி சுருங்கிவிடும். சிலிண்டரை ஆட்டினால் உள்ளே தளும்பும் சத்தம் கேட்கும். கேஸ் தீரவில்லை. அதில் உள்ள பியூட்டேன் 0 டிகிரியை நெருங்கும்போது ஆவியாக மறுக்கிறது, அவ்வளவுதான். சிலிண்டரை வெளித் திண்ணையிலிருந்து சமையலறைக்குள் கொண்டு வந்து, சிமென்ட் தரையில் படாமல் மரப்பலகை மேல் நிறுத்துங்கள். காலையில் ஒரு பர்னர் மட்டும் எரியட்டும். படுக்க வைக்கவே கூடாது. திரவமே ரெகுலேட்டர் வழியாக வந்து தீ எகிறும். மீதி எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் எடை போட்டு, சிலிண்டரின் மேல்பக்கத்தில் எழுதியிருக்கும் காலி எடையைக் கழியுங்கள். புதிதாக வந்ததில் 14.2 கிலோ இருக்கும். கசிவு வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

இதைவிட எனக்குப் பயம் தருவது கரி அடுப்பு. குளிர் தாங்காமல் குழந்தைகளோடு ஒரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கணப்பு வைப்பது உயிரைக் குடிக்கும். புகை அடங்கிக் கரி சிவந்த பிறகு ஆபத்து போய்விட்டது என்று பலர் நம்புகிறார்கள். அப்போதுதான் மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அறையில் சேர்ந்துகொண்டிருக்கும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் வரும்; தூங்கியவர் எழுந்திருக்காமலே போகலாம். தட்டி எழுப்ப இன்னொரு பெரியவர் இல்லாத வீட்டில் கரி உள்ளே வரவே வேண்டாம். ஹீட்டர் வாங்கினால் 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். 2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பெட்டி உருகிவிடும். படுக்கைக்கு வெந்நீர்ப் பை போதும். முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாமல், காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு, துண்டில் சுற்றி வையுங்கள்.

குப்பை வாளியை இரவில் வெளியே வைக்காதீர்கள், கரடி வரும்.

மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போனால், வைஃபை அணைந்து, வெளிநாட்டில் இருப்பவரோடு பேச்சும் நின்றுவிடும். பல ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அடாப்டரைப் பார்த்து அதற்கேற்ற சிறிய யுபிஎஸ் வாங்கினால் சில மணி நேரம் தாங்கும். அமீரகத்தில் இருப்பவரோடு வாட்ஸ்அப் அழைப்பு சரிவராது, குரல் பதிவு போகும். நீலகிரிக்கு ரெட் அலர்ட் என்று டிவியில் ஓடியதும் அங்கே இருப்பவர் பதறிவிடுவார். தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம்தான் கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவம்தான் பெரிய மழை. நம் ஊருக்கு எது எப்போது என்று முன்பே பேசி, லைன் கிடைக்காவிட்டால் கூப்பிட பக்கத்து வீட்டு அக்கா நம்பரையும் கொடுத்தனுப்புங்கள்.

வீட்டில் கார் நின்றால், வாரம் ஒருமுறை 20 நிமிடமாவது ஓட்டுங்கள். கிளப்பி உடனே அணைப்பது பேட்டரியை இன்னும் காலி செய்யும். ஈரத்தில் ஹேண்ட் பிரேக் பிடித்துக்கொள்ளும். அதை இழுக்காமல், சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும்.

அவர் திரும்பும் நாளில் கோவை விமான நிலையத்திலிருந்து டாக்ஸி பிடிப்பதாக இருந்தால், வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸை மறக்க வேண்டாம். நீலகிரியில் பதிவான டிஎன் 43 வண்டிக்குத் தேவையில்லை. கோவை வண்டி என்றால் முதல் நாளே பதிந்துவிடுங்கள். குன்னூர் சாலையில் மண் சரிந்திருந்தால் கோத்தகிரி வழியாக வரச் சொல்லுங்கள்.