ஷூ புதுசு, பிரேக் மட்டும் பழையபடியே

"பழைய வண்டின்னா பிரேக் அப்படித்தான் இருக்கும்." இதை நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது யாராவது சொன்னால் எரிச்சலாக வருகிறது.

என் பழைய பைக்கின் முன்சக்கரத்தில் இருப்பது டிரம் பிரேக்: சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள், ஷூ என்ற இரண்டு வளைந்த துண்டுகள் விரிந்து, மேலே ஒட்டிய லைனிங்கால் உரசி நிறுத்தும். அதிலும் என்னுடையது டுவின் லீடிங் ஷூ வகை: ஒவ்வொரு ஷூவையும் தள்ளி விரிக்க ஒரு கேம் (திரும்பும் கட்டை) உண்டு, முன்னோக்கிச் சுற்றும் சக்கரமே இரண்டு ஷூவையும் இன்னும் இறுக்கும். லீவரைப் பிடித்தால் கைப்பிடி வரைக்கும் வரும், வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டு நிற்கும். எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், புது ஷூ வாங்கிப் போட்டேன். அப்புறம் இன்னும் மோசமாகிவிட்டது. வெறுத்துப்போய் மறுபடியும் சக்கரத்தைக் கழற்றினால், ஒரு ஷூவின் லைனிங் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குத் தேய்ந்திருக்கிறது; இன்னொன்றில் கம்பெனிக்காரன் அச்சடித்த எழுத்துகூட அழியவில்லை. ஒரு ஷூவின் நடுப்பகுதி மட்டும்தான் அவ்வளவு நாளும் முழு வண்டியையும் நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறது!

இரண்டு தப்பு ஒன்றாகச் சேர்ந்திருந்தது. முதலாவது, வருஷக்கணக்கில் ஓடிய டிரம் உள்ளே தேய்ந்து அகலமாகிவிடும். புது ஷூவின் வளைவோ பழைய அளவுக்குச் செய்தது, அதனால் நடுவில் மட்டும் உரசும், இரு ஓரமும் காற்றில் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சாக்பீஸ் போதும். லைனிங் முழுக்கத் தேய்த்துவிட்டு மாட்டி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே லேசாக பிரேக் பிடித்து, திறந்து பாருங்கள். சாக்பீஸ் எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் ஷூ தொடுகிறது. தடிமனான லைனிங் ஒட்டி டிரம் அளவுக்கு லேத்தில் கடைந்து வாங்குவதுதான் சரியான வழி. நான் பொறுமையாக மேட்டை மட்டும் எமரி பேப்பரால் தேய்த்துத் தேய்த்து நாலைந்து முறை மாட்டிப் பார்த்தேன். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதனால் அந்தத் தூளை ஏர் அடித்து ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியோடு கட்டித் தூக்கிப் போடுங்கள்.

இரண்டாவது தப்பு, இரண்டு கேமையும் இணைக்கும் வெளிக்கம்பியின் நீளம். அதை மாட்டியிருக்கும் ஆணியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கேமையும் கையால் திருப்பி இரண்டு ஷூவும் டிரம்மைத் தொட்டு நிற்கிற நிலையில் வைத்தால், அந்த ஆணி தானாகத் துளைக்குள் விழ வேண்டும். எனக்கு விழவில்லை. கம்பி நீளத்தைச் சரிசெய்து விழவைத்தேன், அவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் இத்தனை நாள் வண்டியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாட்டும்போது இன்னொன்று: ஆக்சில் நட்டை இறுக்குவதற்கு முன்னால் பிரேக்கை நன்றாகப் பிடித்துக்கொண்டு, பிடித்தபடியே இறுக்குங்கள். ஷூக்களைத் தாங்கும் பிளேட் தானாக டிரம்மின் நடுவுக்கு வந்து உட்கார்ந்துவிடும்.

கேபிளையும் நம்பாதீர்கள். லீவரை அழுத்தும்போது கேபிளின் வெளி உறை வளைந்து நெளிந்தால், உங்கள் கைப்பலத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. பிரேக் முழுதாகப் பிடித்த நிலையில் கேமைத் திருப்பும் ஆர்மும் கேபிளும் கிட்டத்தட்ட 90 டிகிரியில் நிற்க வேண்டும். லைனிங் தேய்ந்த பிறகு ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. சில கிலோமீட்டருக்குச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் ஷூ எவ்வளவு தேய்ந்தது என்று சொல்கிற ஒரே அடையாளத்தையும் அழித்துவிடுகிறீர்கள். முற்றிலும் தேய்ந்த ஷூவில் கேம் அளவுக்கு மீறித் திரும்பிச் சிக்கிக்கொண்டால், லீவரை விட்டாலும் பிரேக் விடாது.

லீவர் கையில் துடித்தால் டிரம் வட்டமாக இல்லை என்று அர்த்தம். கடைவதாக இருந்தால் ஸ்போக்குகளைச் சரியாக முறுக்கிய பிறகு, சக்கரத்தோடு சேர்த்தே கடையச் சொல்லுங்கள். ஸ்போக்கின் இழுவையே டிரம்மைக் கோணலாக்கும்.

எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது வேறு. வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்த, ஒருமுறைகூட மாட்டாத ஒரு செட் ஷூ என்னிடம் இருந்தது. பார்க்கப் புத்தம் புதுசு. சும்மா ஸ்குரூடிரைவரால் தட்டிப் பார்த்தேன், ஒரு முனையில் மட்டும் சத்தம் பொத்தென்று வந்தது. நகத்தை விட்டு நெம்பினேன், லைனிங் முழுசாக, காய்ந்த புண்ணின் பொருக்கு மாதிரி கையோடு வந்துவிட்டது. பசை செத்துப்போயிருக்கிறது. ஓடும்போது இது டிரம்முக்குள் கழன்று சுருண்டிருந்தால் முன்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டிருக்கும். பழைய ஸ்டாக் என்று பெருமையாக வாங்கி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே தட்டிப் பாருங்கள்.

டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். ஹோண்டா சிபி750 முன் டிஸ்க்கோடு வந்தது 1969-ல், அந்தக் காலத்து வண்டிகளும் இப்போது கிழடுதான். அவற்றில் பிரேக் பிடிக்காததைவிட, பிடித்தது விடாமல் இருப்பதுதான் பெரிய தொல்லை. லீவரை அழுத்தினால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஊசிமுனை அளவுக்கு ஒரு திரும்பும் துளை இருக்கும், அது அடைத்தால் சூடான பிரேக் ஆயில் விரிந்து போக இடமில்லாமல் பேட் டிஸ்க்கை இறுக்கிக்கொள்ளும். உள்ளே உப்பிய பழைய ரப்பர் ஹோஸும் இதையே செய்யும். டாட் 4 வகை பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காதது, ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். சிலிக்கோன் வகையான டாட் 5-ஐ மட்டும் அதோடு கலக்காதீர்கள்.

சரி, என் வண்டிக்கு வருவோம். 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போன வாரம் மறுபடி திறந்தேன். ஷூவில் கம்பெனிக்காரன் அச்சடித்த அந்த எழுத்து அழிந்திருந்தது. இப்போது இரண்டே விரலில் நிற்கிறது, ஏற்றத்தில் பின்னால் உருளும்போது தவிர. சக்கரம் பின்னோக்கிச் சுற்றினால் இரண்டு ஷூவும் ஒன்றாகப் பலமிழக்கும், அது இந்த வகை பிரேக்கின் பிறவிக்குணம். அங்கே பின் பிரேக்கையும் சேர்த்து மிதிக்கிறேன்.